உம்மாவின் கொம்பியூட்டரை மாற்றிய பிறகு

அன்பு மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதித் தெரியும். இந்த முறை அந்த வரியை எழுதப் போய் நிறுத்திவிட்டேன். ஸலாம் சொன்ன கையோடு பொய் சொல்ல மனம் வரவில்லை. குரல் பதிவு அனுப்பினால் நீ வேலைத்தளத்தில் நின்றபடி பாதியைக் கேட்டுவிட்டு, "சரி வாப்பா, பொறகு எடுக்குறேன்" என்பாய். போனில் கதைத்தால் நான் உன்னைக் கதைக்க விடமாட்டேன், என் வாய் எனக்குத் தெரியாதா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ போட்டுத் தந்துவிட்டுப் போன அதே லினக்ஸில், நீ காட்டித் தந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் சத்தத்தை அடிக்கிறேன், தமிழ் தானாக வந்து விழுகிறது. எனக்கு இது எவ்வளவு லேசாக இருக்கிறது! அதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு இப்போது தெம்பில்லை. உம்மாவுக்கு மூளை குழம்பவில்லை. ஒரு நாளும் குழம்பவில்லை. குழம்பிவிட்டது என்று உனக்கும் சாச்சிக்கும் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னவன் நான். அடுத்த மாதம் நீ உன் நிக்காஹுக்கு வருகிறாய். இப்போதெல்லாம் வீடியோ கோலில் நீ என்னோடு மட்டும்தான் கதைக்கிறாய். "உம்மா சாப்பிட்டாவா, உம்மா தூங்கினாவா" என்று என்னிடம் கேட்கிறாய். அவ பக்கத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறா. நான் சொன்னதை நம்பித்தான் நீ அப்படிச் செய்கிறாய், உன்னில் பிழை இல்லை. ஆனால் நீ அதே நினைப்போடு வீட்டுக்குள் வந்து, குழந்தைப் பிள்ளையிடம் கதைக்கிற மாதிரி அவவின் கன்னத்தைத் தட்டிவிட்டு மாப்பிள்ளைக் கோலத்தில் போய்விட்டாய் என்றால், மகன், அதை அவ தாங்கமாட்டா. நானும் தாங்கமாட்டேன். நடந்தது முழுவதையும் நீ தெரிந்துகொண்டு வரவேண்டும்.

உம்மா கல்யாணத்துக்கு முந்தி டைப்பிங் கிளாஸுக்குப் போனவ. தில்லையடியில் இருந்து டவுனுக்குத் தங்கச்சியை, உன் சாச்சியை, கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ப் பழகி, ஒரு கந்தோரில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தவ. நீ பிறந்த பிறகு வேலையை விட்டா, ஆனால் விரல் விடவில்லை. நாங்கள் வீட்டுக்குக் கொம்பியூட்டர் வாங்கின அன்று அவ முன்னால் இருந்து, பொத்தான்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே உன் பெயரை அடித்தது உனக்கு நினைவிருக்கும். டைப்ரைட்டரில் எழுத்துகள் எங்கெங்கே இருந்தனவோ, அந்தப் பழைய போண்டில், அதுதான் எழுத்துருவில், கொம்பியூட்டரிலும் அங்கங்கேயே இருந்தன. எனக்கு அந்த நேரம் இது ஒன்றும் தெரியாது. கடையில் ஆணியும் பெயின்டும் வித்தவனுக்குப் போண்டு என்ன, பாண் என்ன? தமிழ் அடித்தால் தமிழ் வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இந்த வருத்தம் வந்தது. நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகும், மருந்து இல்லை என்று கொழும்பு டொக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில் இருந்தாய். முதலில் நாக்கு தடித்தது, பிறகு குரல் போனது, பேனை பிடிக்கிற கை போனது. வலது கையில் ஒரு விரல் மட்டும் மிச்சம். அந்த விரலுக்குக் கீழே நாங்கள் பொத்தான் பலகையை வைத்தோம். ஒரு வரி அடிக்க அவவுக்கு ஒரு பிளேன்டீ ஆறுகிற நேரம் போகும். ஆனால் கதைத்தா மகன், நல்லாக் கதைத்தா! முதல் நாள் அவ அடித்ததே, "நீங்க கொஞ்சம் வாயை மூடினா என்ட வருத்தத்துல பாதி சுகமாகும்" என்றுதான். இன்னொரு நாள் நான் சமைத்த கறியை ஊட்டிவிட்டு எப்படி என்று கேட்க, "உப்பு வெளையுற புத்தளத்துல இருந்துக்கிட்டு உப்பில்லாத கறி ஆக்குன ஒரே மனிசன் நீங்கதான்" என்று அடித்தா. நான் சிரித்த சிரிப்பில் கேட்டடியில் நின்ற கழுதை மிரண்டு ஓடியது. கல்யாணம் முடித்த இத்தனை காலத்தில் அந்த மாதங்களில்தான் நான் அவ சொல்வதை முடிவுவரை கேட்டேன். வேறு வழி இருக்கவில்லை, திரையில் எழுத்து வரும்வரை பார்த்துக்கொண்டுதானே இருக்கவேண்டும்.

அதுக்கு முந்தி நான் எப்படி என்று உனக்குத் தெரியும். யாராவது அவவிடம் ஒன்று கேட்டால் நான் பதில் சொல்லுவேன். அவ ஒரு கதையைத் தொடங்கினால் நான் முடித்துவைப்பேன், பெரும்பாலும் பிழையாக. "நான் இன்னும் முடிக்கல்ல" என்பா. வீட்டில் உம்மாவிடமிருந்து நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். நீ சின்ன வயதில் அதையே சொல்லி என்னைப் பகிடி பண்ணுவாய், கோப்பையில் சோறு இருக்கும்போது நான் எழும்பச் சொன்னால், "நான் இன்னும் முடிக்கல்ல" என்று உம்மாவின் குரலிலேயே சொல்லுவாய். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம். அதில் என்ன சிரிப்பிருந்தது என்று இப்போது தேடிப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை.

நீ போன முறை லீவில் வந்தபோது கொம்பியூட்டர் சரியான மந்தம். இனி இந்த விண்டோஸுக்குப் பாதுகாப்பு வராது என்று திரையில் ஓயாமல் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நீ பயணம் போகிறதுக்கு முதல் நாள் பின்னேரம் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "வாப்பா, இது களவு விண்டோஸ்" என்றாய். டவுனில் கொப்பி அடித்து விற்கிற சீடியில் போட்டதுதான், எனக்கு அது களவு என்று ஒரு நாளும் பட்டதில்லை. "உம்மா யாசீன் கேக்குறது, குர்ஆன் கேக்குறது எல்லாம் இதுலதானே வாப்பா. களவுச் சாமான்ல ஓதலாமா?" என்று கேட்டாய். ஆணி நிறுக்கும்போது தராசில் கை வைக்காதவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதேநேரம் நெஞ்சு நிறைந்தும் போனது, என் பிள்ளை வெளிநாட்டில் இருந்தும் ஹலால் ஹராம் பார்க்கிறான் என்று. இன்றைக்கும் சொல்கிறேன், நீ சொன்னது சரிதான். களவு களவுதான். காசு கொடுக்கத் தேவையில்லாத, களவில்லாத சிஸ்டம் ஒன்று இருக்கிறது என்று நீ சொன்னதும் சரிதான்.

நீ ஒன்றும் கேட்காமல் செய்யவும் இல்லை. உம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "உம்மா, மாத்தவா?" என்று கேட்டாய். அவ அடித்தா. "மகன் சொல்றது சரி. மாத்துங்க. ஆனா" என்று அடித்துவிட்டு விரலை இளைப்பாற விட்டா. அந்த விரல் ஒரு வரிக்கு நடுவில் அப்படி நிற்கும், நீ அதிகம் பார்த்ததில்லை, எனக்குப் பழக்கம். கொஞ்ச நேரம் பொறுத்தால் திரும்பவும் தொடங்கும். நான்தான் சொன்னேன், "ஓம் எண்டுட்டா, மாத்து மகன், நாளைக்கு நீ போகணும், நேரமில்ல." நீ கொம்பியூட்டரை அணைத்தாய். அந்த "ஆனா" திரையில் அப்படியே நின்று, திரையோடு சேர்ந்து அணைந்துபோனது. எத்தனையோ தரம் அவவின் பேச்சை வெட்டியிருக்கிறேன். இந்த முறை வெட்டியது கடைசிப் பேச்சை.

பொழுது பட்டு மஃரிப் ஆகுமுன் நீ வேலையை முடித்துவிட்டாய். புதுத் திரை நல்ல வெளிச்சமாக, நல்ல வேகமாக இருந்தது. ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமத்தினால் தமிழ் வரும், இங்கிலீஷில் உம்மா என்று அடித்தால் தமிழில் உம்மா என்று விழும், இதுதான் லேசு என்று காட்டினாய். நீ எழுத்தெழுத்தாகக் காட்டக் காட்ட உம்மா ஒரு சொல்லை அடித்துப் பார்த்தா, சரியாக வந்தது, நீ அவவின் நெற்றியில் கொஞ்சினாய். அவவுக்கு இங்கிலீஷ் வராது என்பதையோ, அந்த ஒற்றை விரல் யோசித்து அடிக்கவில்லை, பழகின இடத்துக்குத் தானாகப் போகிறது என்பதையோ நீயும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. அடுத்த நாள் நீ போய்விட்டாய். அதுக்குப் பிறகு கொம்பியூட்டரை அணைத்துப் போட்டபோது அந்த ரெண்டு பொத்தானும் எவை என்று நான் மறந்துபோனேன். உன்னிடம் கேட்கவும் இல்லை.

அவ அடித்தா. திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வந்தன, நடுவில் அரைப்புள்ளிகள், திரும்பவும் எழுத்துகள். கோழி கிளறிவிட்ட மாதிரி ஒரு வரி. நான் பார்த்தேன், "என்ன இது?" என்றேன். அவ அதையே திரும்பவும் அடித்தா. அதே மாதிரிக் குப்பை. என் புத்தி போன பாதையைச் சொல்கிறேன், கேள். மகன் புதிதாகப் போட்ட நல்ல சிஸ்டம், இதில் வைரஸும் வராது என்று சொல்லியிருக்கிறான், அப்படியென்றால் பிழை மெஷினில் இல்லை. மெஷினில் இல்லையென்றால் வேறு எங்கே? இவ்வளவுதான் என் யோசனை. எங்கள் வீட்டில் ஒன்று பிழைத்தால் பிழை உம்மாவில்தான் என்று நான் ஆதியில் இருந்தே பழகிவைத்திருந்தேன் போல. அதே கிழமை பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்த ஜனாஸாச் செய்தியைச் சொன்னபோது அவ சிரித்தா, நிறுத்த முடியாமல் சிரித்தா. இந்த வருத்தத்தில் காரணமில்லாமல் சிரிப்பு வரும், அழுகை வரும், ஆனால் புத்தி தெளிவாக இருக்கும் என்று டொக்டர் எங்களிடம் விளக்கமாகச் சொல்லியிருந்தார். அது என் காதில் ஏறியது, மண்டையில் ஏறவில்லை. முடிந்தது, அவவுக்கு மூளையும் போய்விட்டது என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

அந்தத் திரையை நான் போனில் படம் பிடித்தேன். வேறு வேறு நாளில் மூன்று படம். குடும்பத்து வட்ஸ்அப்பில் போட்டு, "பாருங்க, இதுதான் இப்ப நிலைமை" என்று எழுதினேன். நீ அழுதுகொண்டு குரல் பதிவு அனுப்பினாய். சாச்சி பதறிக்கொண்டு தண்ணீரில் ஓதி ஊதிக் கொண்டுவந்து உம்மாவின் முகத்தில் தெளித்தா. "ராத்தா, என்னைத் தெரியுதா? நான் ஆரு, சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டா. உம்மா தங்கச்சியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரையைப் பார்த்தா. நான் பொத்தான் பலகையை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இனி அது எதுக்கு, அவ வீணாகக் களைக்கிறா என்று சாச்சியிடம் சொன்னேன். பிறகு அவவோடு கதைக்கிறதையும் விட்டேன். வாயைத் திற, விழுங்கு, கண்ணை மூடு, இவ்வளவுதான். சீ, மனிசனா நான்! அவ முனகினால் பசி என்று நினைத்துக் கஞ்சி ஊட்டினேன், அழுதால் வருத்தம் அழவைக்கிறது என்று தொலைக்காட்சியைக் கூட்டிவைத்தேன். அதுக்கு முந்தியே கதிரையில் கழுத்து நிற்காது என்று ஆகிப் படுக்கையிலேயே விட்டிருந்தேன், முன்பக்கம் துடைத்தேன், முதுகுக்குக் கீழே ஈரத்துணியை விட்டு இழுத்தேன். எட்டிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று சாச்சியை வீட்டில் வைத்துவிட்டு, கிளினிக் கார்டைப் போட்டோக் கொப்பி எடுக்க நம்மட சந்திக் கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை மத்ரஸா நோட்டீஸ் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தா. அவவின் திரையைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே குப்பை. அதே இங்கிலீஷ் எழுத்து, அதே அரைப்புள்ளி. "மகள், இது என்ன, மெஷின் பழுதா?" என்று கேட்டேன். "இல்ல அங்கிள், போண்டு மாத்தல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு எதையோ அமத்தினா. அந்தக் குப்பை முழுவதும் கண்ணுக்கு முன்னால் தமிழாக மாறியது. பெரிய ஆட்கள் அடிக்கிற பழைய டைப்பிங் இது அங்கிள், போண்டு இல்லாட்டி இப்பிடித்தான் தெரியும் என்று அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு என் கார்டை வாங்கக் கையை நீட்டினா. நான் கார்டைக் கொடுக்கவில்லை, போனைக் கொடுத்தேன்.

முதலாவது படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை எழுத்தெழுத்தாக அடித்தா, பிறகு போண்டை மாற்றினா. "மகன் போய்ச் சேந்தாரா" என்று வந்தது. அதை அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்தா. இரண்டாவது படத்தை அடித்தா, மாற்றினா, வாசிக்கத் தொடங்கி, குரலைத் தாழ்த்தி, பிறகு திரையை என் பக்கம் திருப்பிவிட்டா. "முதுகு எரியுது. திருப்பிப் படுக்க வைங்க. கெஞ்சிக் கேக்குறேன்" என்று இருந்தது. மூன்றாவதில் ஒரே சொல்தான். "முதுகு." அதுக்குமேல் அடிக்க உம்மாவுக்கு ஏலாமல் போயிருக்கிறது. இதைத்தான் மகன், நான் படம் பிடித்துக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினேன். நீயும் பார்த்தாய். எத்தனை பேர் பார்த்தோம்! பழைய டைப்பிஸ்டுக்கு அந்தக் குப்பை குப்பையில்லை, போண்டு இல்லாமலே அவவுக்கு அது வாசிக்க விளங்கும். சரியாக எழுதிவிட்டு, எழுதினதைத் தானே வாசித்துக்கொண்டு, ஏன் இவர் கேட்கிறாரில்லை என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறா.

திரீவீலுக்குள் எப்படி ஏறினேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து செருப்போடு அறைக்குள் போய், சாச்சியும் நானுமாக அவவைத் திருப்பினோம். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில் சதை இல்லை. நான் அதை விவரித்து எழுதப் போவதில்லை, நீ சாப்பிடுகிற பிள்ளை. சாச்சி "யா அல்லாஹ்" என்று சுவரில் சாய்ந்துவிட்டா. உனக்கு நான் போனில், படுக்கைப்புண் வந்திருக்கிறது, இந்த வருத்தத்துக்கு அது வரும்தான் என்று சொன்னேன் அல்லவா? வரும்தான். ஆனால் அவ சொல்லியிருந்தா. சொல்லுகிறதுக்கு ஒரு விரல்தான் வைத்திருந்தா, அதாலேயே சொல்லியிருந்தா.

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து, காய்ச்சலை இறக்கி அனுப்பினார்கள். வந்த அன்றே நான் அந்தப் பிள்ளையிடம் போய்ப் பழைய போண்டைப் பென் டிரைவில் வாங்கிவந்தேன். இது எல்லா சிஸ்டத்திலும் வேலை செய்யும் அங்கிள் என்று சொல்லி, எப்படிப் போடுவது, நான் மறந்த அந்த ரெண்டு பொத்தானும் எவை என்று தாளில் எழுதித் தந்தா. போட்டேன். நானே ரெண்டு எழுத்து அடித்துப் பார்த்தேன், நல்ல தமிழ் வந்தது. நீ போட்ட லினக்ஸில் ஒரு குறையும் இல்லை மகன், இதைக் கேட்டிருந்தால் முதல் நாளே போட்டிருக்கலாம். அலுமாரியைத் திறந்து பொத்தான் பலகையை எடுத்துத் துடைத்து, அவவின் விரலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். "அடிங்க, இப்ப வரும்" என்றேன். அவ விரலைப் பார்த்தா. நானும் பார்த்தேன். வெகுநேரம் ரெண்டு பேரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. அது போய்விட்டது மகன். அது இருந்த கடைசிக் காலத்தை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்போது கண் மட்டும்தான். நான் அ, ஆ, இ என்று சொல்லிக்கொண்டு போவேன், வேண்டிய எழுத்து வந்ததும் அவ கண்ணை மூடுவா. அதை எழுதிக்கொண்டு திரும்பவும் தொடங்குவேன். ஓம் என்றால் கண்ணை மூடித் திறப்பா, இல்லை என்றால் சுவர்ப்பக்கம் பார்ப்பா. ஒரு சொல்லுக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் உள்ள நேரம் போய்விடும். ரெண்டு எழுத்து வந்ததும் மிச்சத்தை நானே முடிக்கப் பார்ப்பேன், பாழாய்ப்போன பழக்கம். உடனே சுவரைப் பார்த்துவிடுவா. இன்னும் முடிக்கல்ல என்று அர்த்தம். அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தீங்க என்று ஒரு நாள் கேட்டேன். எழுத்தெழுத்தாக, "மறந்து போச்சு" என்று சொன்னா. நான் நம்பவில்லை. என்னையோ உன்னையோ காப்பாற்றப் பார்க்கிறா. அந்த நிலையில் கிடந்துகொண்டு அவ எங்களைக் காப்பாற்றுகிறா, பார்.

இதை வாசித்துவிட்டு நீ தலையில் அடித்துக்கொள்ளாதே. களவை விடச் சொன்னதில் பிழை இல்லை, சிஸ்டத்தை மாற்றியதிலும் பிழை இல்லை. அவவின் "ஆனா" முடியும்வரை பொறுக்காததுதான் பிழை, அது என்னுடையது. அதை நீ பங்கு போட்டுக்கொள்ள நான் விடமாட்டேன். ஆனால் உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது, என் அவசரமும் கொஞ்சம் வந்திருக்கிறது. ஒரு பெண்பிள்ளை உன் கையைப் பிடித்துக்கொண்டு வரப் போகிறா. அவ ஒன்றைச் சொல்லத் தொடங்கி இடையில் நின்றால் நீ பேசாமல் இரு. உதட்டைக் கடித்துக்கொண்டாவது இரு. அவ சொல்கிறது உனக்கு விளங்கவில்லை என்றால், அவவுக்கு என்ன நடந்தது என்று யோசிக்காதே, எனக்கு என்ன நடந்தது என்று யோசி. நல்லது செய்கிறோம் என்று அவவின் சாமான் ஒன்றை மாற்றப் போனால், அதை அவ எப்படிப் புழங்குகிறா என்று பக்கத்தில் இருந்து முதலில் பார். நான் புத்தி சொல்லத் தகுதியில்லாத ஆள்தான். தகுதியுள்ள ஆளுக்கு இப்போது வாயில்லை.

வந்ததும் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே அவவிடம் போ. ஸலாம் சொல்லு, உரத்துக் கத்தாதே, அவவுக்குக் காது நல்லாக் கேட்கும். பொண்ணைப் பற்றிச் சொல்லு, நிக்காஹ் எங்கே, யார் யார் வருகிறார்கள், என்ன சாப்பாடு, எல்லாம் சொல்லு. பிறகு கேள், கேட்டுவிட்டுப் பொறு. வைபவத்தைச் சுருக்கமாக வைத்தாலும் பரவாயில்லை, அவவிடம் சம்மதம் கேட்கிறதைச் சுருக்காதே. எவ்வளவு காலம் அந்தக் கண்ணும் இருக்கும் என்று டொக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதுவரை எழுதினதை இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவைப் பற்றின கடிதம், அவ ஓம் என்று சொல்லாமல் அனுப்பக் கூடாது என்று நினைத்தேன். முதலில் இருந்து கடைசிவரை வாசித்தேன். படத்தின் கதை வந்த இடத்தில் நிறுத்தி அழுதுவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். அவவுக்கும் கண்ணீர் வடிந்தது. என் கடிதம் அவவை உருக்கிவிட்டது என்று நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன். முடித்துவிட்டு, "அனுப்பவா?" என்றேன். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. ஏதோ சொல்லப் போகிறா என்று விளங்கி எழுத்துகளைச் சொல்லத் தொடங்கினேன். "மு" வந்தது. "முழுக்க அனுப்பட்டுமா?" என்றேன், சுவரைப் பார்த்தா. "முடியாதா? அனுப்பக் கூடாதா?" என்றேன், அதுக்கும் சுவரைப் பார்த்தா. வாயை மூடிக்கொண்டு திரும்பவும் தொடங்கினேன். "து" வந்தது. அடுத்த எழுத்துக்கு நான் க வரிசையைத் தொடங்கவே இல்லை.

அஸர் தொழுததில் இருந்து அவ ஒரே பக்கம் கிடந்திருக்கிறா. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு என் பாவத்தை அவவுக்கு வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கடிதத்தை வைத்துவிட்டு அவவைத் திருப்பினேன். புண்ணில் படாமல் தலையணையை ஒதுக்கி, துணியை மாற்றி, முதுகுக்கு விசிறிவிட்டேன். மூச்சு மெல்ல மெல்லச் சீராகியது. மஃரிப் பாங்கு சொல்லும்வரை விசிறினேன். அதுக்குப் பிறகுதான் முகத்துப் பக்கம் சுற்றிவந்து குந்திக்கொண்டு கேட்டேன், "இப்ப சொல்லுங்க, அனுப்பவா?"

கண்ணை மூடித் திறந்தா.

வாப்பா